மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, மாதக்கணக்கா? இணையதள வேலையைப் பேசி முடிக்கும் முன்

கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனம் தன் பழைய இணையதளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்கிறார்கள். ஒருவர் 90,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் மூன்றரை லட்சம். மூன்றாமவர் மொத்தத் தொகையே சொல்லாமல், மணிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். ஒரே வேலைக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலாளிக்குத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைகளை மனதில் வைத்து விலை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் போனது, ‘தயாரிப்புகள் எல்லாம் வரணும், டீலர் லாகின் வேணும், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் வேணும்’ என்ற ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அதில் எது உள்ளே, எது வெளியே என்பதை அவரவர் ஊகித்துக்கொண்டார்கள்.

அந்த முதலாளிக்கும் அவருக்கு விலை போடும் சிறிய டெவலப்பர் குழுவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது டெவலப்பர் பக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுள்ள ஒரு தளத்துக்கு, என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போடும் வேலையை மட்டும் முதலில் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள். அப்புறம் அந்தப் பட்டியலுக்கு மொத்தத் தொகை பேசுங்கள். தளம் ஓட ஆரம்பித்த பிறகு வருகிற வேலைகளை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வழிகள் தவறு என்று சொல்லவில்லை. அவை பொருந்தும் இடங்களும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும் வேலை

கொட்டேஷனில் ‘தயாரிப்புப் பக்கங்கள்’ என்று ஒரே வரி இருக்கும். பம்ப்செட் விஷயத்தில் அந்த வரியைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை ஹெச்பி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, பைப் அளவு என்ன, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, ஸ்டார் ரேட்டிங் எவ்வளவு என்பதெல்லாம் வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒற்றைத் தகவல், சுலபம். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளும் என்பது ஒற்றை எண் இல்லை. ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம், கூடக் கூடத் தண்ணீரின் அளவு குறையும். அதனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தனி அட்டவணை இருக்கிறது.

அந்த அட்டவணையைக் கேட்டலாக்கிலிருந்து வெட்டிப் படமாக ஒட்டலாம், ஒரு மாடலுக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் ஒரு விவசாயி தன் போர்வெல் ஆழத்தையும் பைப் அளவையும் போட்டு, எந்த மாடல் சரிவரும் என்று தேட வேண்டுமென்றால் படம் உதவாது. ஒவ்வொரு எண்ணும் டேட்டாபேஸில் ஏற வேண்டும், தேடும் வசதியை எழுத வேண்டும், அது காட்டும் விடை சரிதானா என்று பம்ப் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது வாரக்கணக்கான வேலை. 90,000க்கும் மூன்றரை லட்சத்துக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கலாம்.

இனி ‘தமிழ் இங்கிலீஷ் ரெண்டும்’ என்ற வரி. நிறுவனத்திடம் தமிழ்க் கையேடுகள் இருக்கும், ஆனால் அவை அச்சகத்தில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தவை. காப்பி செய்து ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். ஏனென்றால் அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஒப்பேற்றியவை. இணையத்தில் எல்லாரும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் கையேட்டில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த மாடல் பெயர்களையும் அளவுகளையும் அந்தக் கருவி அறியாது. அவற்றையும் சேர்த்துத் தமிழாக்கி, பொருளே இல்லாத எழுத்துக்கோவையாகத் தரும். ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துத் திருத்தியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கும் பட்டன் தமிழில் இரண்டு வரிக்குப் போய், கைபேசியில் மெனு உடையும். இதெல்லாம் யார் வேலை? டெவலப்பர், ‘கன்டென்ட் கஸ்டமர் தருவார்’ என்று நினைத்திருப்பார். முதலாளி, ‘கையேட்டைக் கொடுத்தால் போட்டுவிடுவார்கள்’ என்று நினைத்திருப்பார். இரண்டு பேரும் நேர்மையானவர்கள்தான். ஆனாலும் இரண்டாவது மாதத்தில் சண்டை வரும்.

மொத்தத் தொகை

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். ஒரு தொகை, பாதி அட்வான்ஸ், மீதி முடிந்ததும். முதலாளிக்கு இதில் பெரிய நிம்மதி இருக்கிறது. எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே தெரியும், கணக்கில் எழுதி வைக்கலாம், டெவலப்பர் மெதுவாகச் செய்தால் அது அவர் நஷ்டம்.

சிக்கல், தொகை பேசும் நேரத்தில் இருக்கிறது. மென்பொருள் வேலையின் மதிப்பீடு பற்றி அமெரிக்க மென்பொருள் வல்லுநர் பேரி போம் 1981-லேயே ஒரு படம் போட்டுக் காட்டினார். வேலையின் ஆரம்பக் கட்டத்தில் சொல்லும் மதிப்பு, உண்மையில் ஆகப்போவதில் நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். விவரங்கள் முடிவாக ஆக அந்த இடைவெளி சுருங்கும். வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்துத் தொகை சொல்வது, அந்த இடைவெளி ஆக அகலமாக இருக்கும் நேரத்தில் சொல்வது. அதனால் அனுபவமுள்ள டெவலப்பர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார், புதியவர் குறைத்துப் போட்டு மாட்டிக்கொள்வார். முதல் வகையில் வராத ஆபத்துக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இரண்டாவது வகையில் பாதி வேலையில் அவர் போனை எடுப்பதை நிறுத்துகிறார்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தொகை உறுதி, வேலை உறுதி இல்லை என்றால், இருவரும் ஒரே வரியை எதிரெதிராகப் படிக்க ஆரம்பிப்பார்கள். வாங்குபவர் அகலமாகப் படிப்பார், செய்பவர் குறுக்கிப் படிப்பார். இழுபறியில் முதலில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாத வேலைகள்: பேக்கப், டெஸ்டிங், விலை குறைந்த கைபேசியில் தளம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பது. முகப்புப் பக்கம் அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு பிளக்-இன் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்) அப்டேட்டில் தளம் விழும்போதுதான் எதைக் குறைத்தார்கள் என்பது தெரியும்.

ஐந்து பக்கத் தளம், தயார் டிசைன், எழுத்தும் படமும் கையில் இருக்கிறது, லாகின் எதுவும் இல்லை என்றால் மொத்தத் தொகையே போதும். அங்கே ஊகிக்க ஒன்றுமில்லை.

மணிக்கணக்கு

செய்த நேரத்துக்குக் காசு. வேலை மாறினால் சண்டை இல்லை, நேரம் கூடும், பில் கூடும், அவ்வளவுதான். டெவலப்பருக்கு இது மிகவும் நியாயமான வழி. வாங்குபவருக்கும் நியாயமாக இருக்க வேண்டுமென்றால் அவர் பக்கம் ஒன்று தேவைப்படுகிறது: ஒவ்வொரு வாரமும் பார்த்து, ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஓர் ஆள்.

அப்படி ஆள் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் எழுத்தில் இருக்கும் சாட்சி. 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாளில் காப்பீடு எடுத்து முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். அந்த நாட்டின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2014-ல் வெளியிட்ட அறிக்கை, முக்கியமான தொழில்நுட்பத் தேவைகள் முடிவாகாத நிலையிலேயே, ஆகிற செலவைத் திருப்பித் தரும் வகை ஒப்பந்தம் போட்டார்கள் என்கிறது. தளத்தின் மையப் பகுதிக்கான பணி 2011 செப்டம்பரில் 5.6 கோடி டாலரில் தொடங்கி, 2014 பிப்ரவரிக்குள் 20.9 கோடி டாலரைத் தாண்டியது. இதில் இன்னொரு விவரத்தைத்தான் நான் எங்கள் கஸ்டமர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஒப்பந்த அதிகாரம் இல்லாத ஊழியர்கள், ‘இதையும் செய்யுங்கள்’ என்று கான்ட்ராக்டரிடம் சொன்ன சம்பவங்கள் சுமார் 40. அப்படி அதிகாரமில்லாமல் சொன்ன வேலைகளின் மதிப்பு 3 கோடி டாலருக்கு மேல்.

பம்ப்செட் நிறுவனத்திலும் இதேதான் நடக்கும், தொகைதான் சிறியது. சேல்ஸ் மேனேஜர் ஒன்று சொல்வார், முதலாளியின் மகன் ஒன்று சொல்வார், ஏற்றுமதிப் பிரிவில் ஒருவர் போன் செய்து, ‘பிரெஞ்சிலும் போடலாமே’ என்பார். டெவலப்பர் மூன்றையும் செய்து மூன்றுக்கும் நேரம் எழுதினால் அதில் தப்பில்லை. பில் வரும்போது முதலாளிக்குத்தான் அதிர்ச்சி.

அதற்காக மணிக்கணக்கை ஒதுக்க வேண்டியதில்லை. ஹெல்த்கேர்.கவ் குளறுபடிக்குப் பின் 2014-ல் அமெரிக்க அரசு 18எஃப் என்ற தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அந்தக் குழு அரசு அலுவலகங்களுக்குச் சொன்ன யோசனை, மணிக்கணக்கு ஒப்பந்தமே போடுங்கள், ஆனால் உச்சவரம்பு வையுங்கள், குறுகிய இடைவெளியில் ஓடுகிற மென்பொருளைக் கண்ணால் பாருங்கள் என்பதுதான். யாரும் முன்பு செய்திராத வேலைக்கு இது சரியான வழி. டீலர்கள் ஆர்டர் போட்டு, கடன் வரம்பு பார்த்து, சர்வீஸ் புகார் பதியும் பெரிய போர்ட்டல் என்றால் நானும் இதையே சொல்வேன்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ, மாதத்துக்கு ஒரு வரம்பு, வாங்குபவர் பக்கம் முடிவெடுக்கப் பெயர் குறித்த ஒரே ஆள். அந்த ஆளுக்கு வாரம் நான்கைந்து மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

மாதக்கணக்கு ஒப்பந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளத்தைப் பராமரிக்க அது நல்லது, புதிதாகக் கட்டுவதற்கு நல்லதில்லை. கட்டும்போது மாதச் சம்பளம் மாதிரிக் கொடுத்துக்கொண்டே போனால் ‘முடிந்தது’ என்ற நாளே வராது. பராமரிப்புக்குப் போடும்போது மாதத்துக்கு எத்தனை மணி நேரம், மிச்சமான நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, தளம் விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.

பட்டியலை முதலில் வாங்குவது

இப்போது நான் பரிந்துரைக்கும் வழி. முதல் கட்டம் இரண்டு, மூன்று வாரம். நிரல் (கோடு) ஒரு வரிகூட எழுதுவதில்லை. டெவலப்பர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து சேல்ஸ், சர்வீஸ், அக்கவுன்ட்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவார். முடிவில் ஓர் ஆவணம் வரும். எத்தனை வகைப் பக்கங்கள், ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கும் என்ற கோட்டு வரைபடம், தயாரிப்பு விவரங்களை நிரப்ப ஒரு எக்செல் படிவம், வெளியிலிருந்து எந்தெந்த சேவைகளை இணைக்க வேண்டும், கஸ்டமர் எதை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், ஒவ்வோர் அம்சத்துக்கும் தனித்தனி விலை. இந்த ஆவணம் காசு கொடுத்தவருக்குச் சொந்தம். பிடிக்காவிட்டால் அதை எடுத்துக்கொண்டு வேறொரு டெவலப்பரிடம் போகலாம். அப்போது வரும் மூன்று கொட்டேஷன்களும் ஒரே வேலைக்கானவையாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

‘கொட்டேஷன் போட எதற்குக் காசு?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இலவசக் கொட்டேஷனுக்கு யாரும் மூன்று வாரம் உட்கார மாட்டார்கள், அரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு வரை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வீடு கட்டுவதற்கு முன் இன்ஜினியரிடம் பிளான் போட்டு வாங்கத் தயங்காதவர்கள் இணையதளத்துக்கு மட்டும் தயங்கத் தேவையில்லை.

அந்த ஆவணத்தில் எனக்கு மிக முக்கியம், ‘இதில் சேராதவை’ என்ற பக்கம். சேர்ந்தவற்றை எல்லாரும் எழுதுவார்கள், சேராதவற்றை எழுத மனம் வராது, வியாபாரம் போய்விடுமோ என்ற பயம். எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்:

‘டீலர் லாகின்: விலைப்பட்டியலையும் விளம்பரப் படங்களையும் டவுன்லோட் செய்ய மட்டும். ஸ்டாக் நிலவரம், ஆர்டர் போடுவது, டேலி இணைப்பு ஆகியவை இதில் சேராது.’

இரண்டே வாக்கியம். ஆனால் ஆறாவது வாரத்தில் சேல்ஸ் மேனேஜர், ‘லாகின் பண்ணினால் ஸ்டாக் தெரியும்தானே?’ என்று கேட்கும்போது இந்த இரண்டு வாக்கியம்தான் இரு தரப்பையும் காப்பாற்றும். அப்போது டெவலப்பர் முகம் சுளிக்க வேண்டியதில்லை, ஒரு பக்க மெயில் போதும்: ஸ்டாக் விவரம் டேலியிலிருந்து வர வேண்டும், அதற்கு இத்தனை நாள், இவ்வளவு தொகை, திறப்பு நாள் இத்தனை நாள் தள்ளிப்போகும். அல்லது, வாரன்டி பதிவு அம்சத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் அதே தொகைக்குள், அதே தேதிக்குள் முடிக்கலாம். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகலாம் என்ற இந்தத் தேர்வைக் கொடுத்துவிட்டால் பாதி மாற்றங்கள் தாமாகவே காத்திருக்கச் சம்மதித்துவிடும். பதில் மெயிலில், முன்பே பெயர் குறித்த அந்த ஓர் ஆளிடமிருந்து வர வேண்டும். போனில் சொன்னால் கணக்கில்லை.

கஸ்டமர் தர வேண்டியவை பற்றியும் கொஞ்சம். தளங்கள் தாமதமாவதற்கு நிரல் எழுதுவதைவிட கன்டென்ட்தான் அதிகம் காரணமாகிறது. 140 மாடல் இருந்தால் 140 படிவமும் நிரம்பும் வரை தளம் காத்திருக்கக் கூடாது. அதிகம் விற்கும் 20 மாடலோடு திறப்பது, மீதியை நிறுவன ஆட்களே ஏற்றப் பயிற்சி கொடுப்பது என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். ஆன்லைனில் பணம் வாங்குவதாக இருந்தால் பேமென்ட் கேட்வே கணக்குக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பான், வங்கி விவரங்களோடு, ரீஃபண்ட் விதிகள், தனியுரிமை விதிகள் போன்ற பக்கங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்றும் கேட்வே நிறுவனத்தார் பார்ப்பார்கள். அந்தப் பக்கங்களை யார் எழுதுவது என்பதும் பட்டியலில் வர வேண்டிய ஒரு வரி.

எந்த வழியானாலும் எழுத வேண்டியவை

‘தளம் வேகமாக இருக்க வேண்டும்’ என்பதை ஒப்படைக்க முடியாது, அளந்து சொன்னால்தான் முடியும். தளத்தின் வேகத்தை அளக்க கூகுள் வைத்திருக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், திறக்கும்போது எழுத்துகள் இடம் மாறித் துள்ளும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. இப்படி எழுதினால், ‘எங்க ஆபீஸ்ல நல்லாத்தானே ஓடுது’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, ஏற்றுக்கொள்ளும் காலம். ஸ்டேஜிங் லிங்க் (திறப்பதற்கு முன் பார்க்கும் சோதனைத் தளம்) அனுப்பி ஒரு மாதம் பதிலே இல்லை, வேலை முடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்பது எங்கள் தொழிலில் தினசரி நடப்பது. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதில் கைகொடுக்கிறது. உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் வேலையைத் தந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்து ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதைச் சொல்லி யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. ‘ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் குறை சொல்ல 15 நாள்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் வேலை நகரும். பணத் தவணைகளையும் தேதியோடு கட்டாமல், டிசைன் ஒப்புதல், ஸ்டேஜிங்கில் முழுத் தளம், திறப்பு என்று ஒப்படைக்கும் பொருளோடு கட்டுங்கள்.

முதலாளிகள் அதிகம் கவனிக்காமல் விடுவது கோடு யாருக்குச் சொந்தம் என்பதை. ‘காசு கொடுத்தேன், என்னுடையதுதானே’ என்று நினைக்கிறார்கள். 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி அப்படி இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையில் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். வெளி டெவலப்பர் எழுதிய நிரலுக்கு அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாட்டுக்கு பம்ப் அனுப்பும் நிறுவனத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை. வேர்ட்பிரஸ் மாதிரியான திறந்த மூல மென்பொருளின் உரிமையை டெவலப்பரால் மாற்றித் தர முடியாது. உங்களுக்காகப் புதிதாக எழுதிய பகுதி எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

டொமைன் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். ஹோஸ்டிங் கணக்கு, கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் சோர்ஸ் கோடு, கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் எல்லாவற்றிலும் உரிமையாளர் நிறுவனமாகவும் டெவலப்பர் அனுமதி பெற்ற ஆளாகவும் இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கும் பிளக்-இன்களின் லைசென்ஸ் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. எது எப்போது முடிகிறது, அடுத்த ஆண்டு யார் கட்டுவது என்ற தாளையும் ஒப்படைக்கும் பொருளாகவே கேளுங்கள்.

பம்ப்செட் நிறுவனத்துக்குத் திரும்பினால், அவர்கள் மூன்று கொட்டேஷனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேட்கலாம்: ‘பட்டியல் போடும் வேலையை மட்டும் தனியாகச் செய்து தருவீர்களா, அதற்கு எவ்வளவு?’ ஒத்துக்கொள்பவரோடு பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். ‘அதெல்லாம் தேவையில்லை சார், நாங்க பாத்துக்கறோம்’ என்பவரிடம் பழைய கையேட்டில் ஒரு பக்கத்தையும், ஒரு மாடலின் ஹெட் அட்டவணையையும் கொடுத்து, இது தளத்தில் எப்படி வரும், யார் ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அவருடைய கொட்டேஷன் எந்த வேலைக்கானது என்பது தெரிந்துவிடும்.